கேளுங்க சொல்றேன்: நடந்தா ஒரு ஹார்மோன், எடை தூக்கினா வேற ஹார்மோனா?

போன இதழ்ல முட்டி வலி பத்தி எழுதினதுல இருந்து உடற்பயிற்சி கேள்வியாவே வந்து குவியுது. அதுல நாலு கேள்விய எடுத்திருக்கேன், நாலுமே தசையச் சுத்தி வர்றதுதான்.

கேள்வி: மேடம், எனக்கு 54 வயசு, ஊரு முத்தியால்பேட்டை. சுகர் இருக்கு, மாத்திரை போடுறேன். தினமும் காலைல பீச் ரோட்டுல காந்தி சிலைலேருந்து டூப்ளே சிலை வரைக்கும் நடந்து போயிட்டு வருவேன். பையன் ஜிம்முக்குப் போறவன், "நடந்தா மட்டும் போதாதும்மா, எடையும் தூக்கணும், தசைலேருந்து ஹார்மோன் வரும்"ங்கிறான். தசைல எப்படி ஹார்மோன் வரும்? இந்த வயசுல நான் எடை தூக்கணுமா?

பதில்: பையன் சொல்றது சரிதாம்மா. ஹார்மோன்னாலே தைராய்டு, கணையம்னுதான் நமக்கு ஞாபகம் வருது, ஆனா உடம்பு எடைல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, ஆம்பளைங்களுக்கு அதுக்கும் மேலயே இருக்கிற தசையும் ரத்தம் வழியா மத்த உறுப்புங்களுக்கு சேதி அனுப்புது. 2000-ல டென்மார்க்ல கோபன்ஹேகன்ல ஒரு சோதனை வெளிவந்துச்சு, ஆளுங்களை உக்கார வெச்சு ஒரே ஒரு காலை மட்டும் 5 மணி நேரம் நீட்டி மடக்கச் சொல்லி, காலுக்குள்ள போற ரத்தத்தையும் கால்லேருந்து திரும்பி வர்ற ரத்தத்தையும் தனித்தனியா எடுத்துப் பாத்தாங்க, வேலை செஞ்ச கால்லேருந்து திரும்பி வர்ற ரத்தத்துல இன்டர்லூக்கின்-6ங்கிற பொருள் கூடியிருந்துச்சு, சும்மா வெச்சிருந்த கால்ல அப்படி இல்ல. உடம்பு பூரா ஓடுறது ஒரே ரத்தம்தானே, ஒரு கால்ல மட்டும் கூடுதுன்னா அது அந்தக் கால்லயே உண்டாகுதுன்னுதான் அர்த்தம். எவ்வளவு எளிமையா, எவ்வளவு உறுதியா காட்டிட்டாங்க பாருங்க. அந்தக் குழுவ நடத்தின பெண்டே கிளார்லுண்ட் பெடர்சன்ங்கிற அம்மாதான் இப்படித் தசைலேருந்து வர்ற பொருளுக்கெல்லாம் மயோகைன்னு பேர் வெச்சவங்க.

இந்த இன்டர்லூக்கின்-6 நடை, ஓட்டம், சைக்கிள் பக்கம் சேந்தது. பெரிய தசைங்க ரொம்ப நேரம் விடாம வேலை செஞ்சாத்தான் நல்லா கூடும், தசைக்குள்ள சேத்து வெச்ச சர்க்கரை (கிளைகோஜன்) தீரத் தீர இன்னும் ஏறும், மாரத்தான் ஓடி முடிச்சவங்களுக்கு 100 மடங்கு வரைக்கும் போகும். அது கல்லீரலை சர்க்கரை விடச் சொல்லுது, கொழுப்பைக் கரைக்கச் சொல்லுது. நர்சிங் படிக்கிற பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா உடனே கேப்பாங்க, இன்டர்லூக்கின்-6 வீக்கம் (அழற்சி) உண்டாக்குறதாச்சே, தொப்பை உள்ளவங்களுக்கு ரத்தத்துல கூடியிருக்குமேன்னு. நெசந்தான், ஆனா தொப்பைக் கொழுப்புலேருந்து வர்றது வருஷக்கணக்கா நிக்காம கசிஞ்சுக்கிட்டே இருக்கும், உடற்பயிற்சில வர்றது சட்டுனு ஏறி சில மணி நேரத்துல எறங்கிடும், வீக்கத்த அடக்குற வேற பொருளுங்களையும் கூடவே கெளப்பி விட்டுட்டுப் போகும். 2019-ல அதே கோபன்ஹேகன்ல தொப்பை உள்ளவங்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்க வெச்சு, அதுல ஒரு பகுதி ஆளுங்களுக்கு மட்டும் இன்டர்லூக்கின்-6 வேலை செய்யாம தடுக்கிற மருந்து குடுத்துப் பாத்தாங்க. மருந்து இல்லாம மிதிச்சவங்களுக்கு வயித்துக்குள்ள இருக்கிற கொழுப்பு குறைஞ்சுது, மருந்தோட மிதிச்சவங்களுக்குக் குறையல. (அது முடக்குவாதத்துக்குக் குடுக்கிற மருந்து, அதைப் போட்டுக்கிறவங்க இதைப் படிச்சிட்டு தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க, உங்களுக்கு அது கண்டிப்பா வேணும்.)

எடை தூக்குறதுல நடக்கிறது வேற கதை. நம்ம தசை ஒரு அளவுக்கு மேல வளராம மயோஸ்டாட்டின்னு ஒண்ணு பிரேக் மாதிரி புடிச்சு வெச்சிருக்கு, இதுவும் தசையே உண்டாக்குறதுதான். 1997-ல அமெரிக்காவுல அந்த ஜீனை எடுத்துட்ட எலிங்களுக்கு தசை ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல வளர்ந்துச்சு, பெல்ஜியம் நாட்டுல உருண்டு தெரண்டு ஒரு மாட்டு இனம் இருக்கே, அதுக்கும் இதே ஜீன்லதான் கோளாறு. தொடர்ந்து எடை தூக்கினா இந்த பிரேக் கொஞ்சம் தளரும், அதோட டெகோரின்னு ஒண்ணு தசைலேருந்து வந்து மயோஸ்டாட்டினைப் புடிச்சு வெச்சுக்கும், பாரம் தாங்கின தசை தனக்குன்னு ஐஜிஎஃப்-1 வளர்ச்சிப் பொருளையும் அங்கயே தயார் பண்ணிக்கும். நடந்தாலும் மயோஸ்டாட்டின் ஓரளவு குறையும்தான், ஆனா தசைய வளர்க்கிற வேலைய நடையால மட்டும் செய்ய முடியாது.

உங்களுக்கு சுகர் இருக்கிறதால இதை அழுத்திச் சொல்றேன். சாப்பிட்ட சர்க்கரைல பெரும் பங்கு போய்ச் சேர்ற எடமே தசைதான், தசை சுருங்குறப்ப இன்சுலின் தயவு இல்லாமலே சர்க்கரைய உள்ள இழுத்துக்கும். தசை கொறைஞ்சா அந்த எடமே கொறைஞ்சு போகுது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-ல வெளியிட்ட கணக்குல நம்ம புதுச்சேரில பெரியவங்கள்ல 26.3 சதவீதம் பேருக்கு சுகர், நாட்டு அளவுல 11.4 தான், கோவாவுக்கு அடுத்து நாமதான். இப்படி இருக்கிற ஊர்ல காலைல பீச் ரோடு நிறைய ஆளுங்க நடக்கிறதப் பாத்தா சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா வீட்டுல ஒரு தண்ணி பாட்டிலத் தூக்கி நாலு தடவை கைய மடக்கி நீட்டுறவங்க எத்தனை பேரு, அதுலயும் பொம்பளைங்க எத்தனை பேருன்னு நெனைச்சாத்தான் கவலையா இருக்கு.

அதனால நடைய விடாதீங்க, பேச முடியணும் ஆனா பாட முடியக் கூடாது, அந்த வேகம். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷமாவது வரணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதோட ரெண்டு நாளாவது தசைய பலப்படுத்துற பயிற்சியும் வேணும்னு அதே வரிசைல சொல்லுது, இந்த ரெண்டாவதைத்தான் யாரும் காதுல வாங்குறதில்ல. செவுத்துல கை ஊணி தண்டால், நாற்காலிலேருந்து எழுந்து உக்கார்றது, பையன்கிட்ட கேட்டு ரெண்டு கிலோ டம்பெல், ஆரம்பத்துக்கு இது போதும். நீங்க போடுற மாத்திரை சர்க்கரைய ரொம்ப எறக்கக் கூடியதான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்குங்க, கைல ஒரு மிட்டாய் வெச்சுக்குங்க.

கேள்வி: லாஸ்பேட்டை கிரவுண்டுல வேகமா நாலு ரவுண்டு ஓடிட்டு வந்தா ஒரு மணி நேரத்துக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது, மெதுவா நடந்துட்டு வந்தா மட்டும் இட்லி எத்தனை போனாலும் தெரியல. இது ஏன்?

பதில்: 2022-ல இதுக்கு ஒரு நல்ல விளக்கம் கெடைச்சிருக்கு. மூச்சு வாங்க ஓடுறப்ப தசை சர்க்கரைய வேகமா எரிக்கிறதால லாக்டேட்னு ஒரு பொருள் கூடும்ல, அது ஃபெனைல்அலனின்ங்கிற அமினோ அமிலத்தோட சேந்து லாக்-ஃபேன்னு ஒரு பொருளாகி ரத்தத்துல ஏறுது. குண்டான எலிங்களுக்கு அதை ஊசில போட்டதும் தீனி குறைஞ்சுது. மனுஷங்கள்லயும் பந்தயக் குதிரைங்கள்லயும் ஓடினதும் இது ஏறுறதைப் பாத்திருக்காங்க, மனுஷங்கள்ல குட்டி குட்டியா வெரட்டி ஓடுறப்பதான் ரொம்ப ஏறுது, அடுத்து எடைப் பயிற்சி, கடைசிலதான் நிதானமா செய்ற நீண்ட பயிற்சி. உங்க அனுபவம் அப்படியே ஒத்துப் போகுது.

கேள்வி: அக்கா, நான் திருப்பாதிரிப்புலியூர், 22 வயசு, ஜிம் சேந்து ஆறு மாசம். லெக் டே அன்னிக்கே பைசெப்ஸும் போட்டா டெஸ்டோஸ்டிரோன் ஏறி கை சீக்கிரம் வளரும்ங்கிறாங்க. சாயங்காலம் சில்வர் பீச்ல ஓடுறதும் எனக்குப் புடிக்கும், ஓடினா மசில் கரைஞ்சிடும்ங்கிறாங்க. ஐரிசின் ஏத்துற மாத்திரைன்னு ஒண்ணும் வாங்கச் சொல்றாங்க. எது சரி?

பதில்: தம்பி, ஒவ்வொண்ணா வர்றேன். பெரிய தசைக்கு பாரம் குடுத்தா டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன், குரோத் ஹார்மோன் ஏறுறது உண்மை, ஆனா கொஞ்ச நேரத்துல எறங்கிடும். கனடாவுல ஒரே ஆளோட ஒரு கைக்குத் தனியா பயிற்சி, இன்னொரு கைக்கு கால் பயிற்சியும் சேத்து ஹார்மோன் ஏறுற மாதிரி பயிற்சி, இப்படி 15 வாரம் செஞ்சு பாத்து 2010-ல வெளியிட்டாங்க, ரெண்டு கையும் ஒரே மாதிரிதான் வளர்ந்துச்சு, பலமும் ஒண்ணுதான். கை வளரணும்னா கைக்கு பாரம் போகணும், அந்தத் தசைக்குள்ள நடக்கிறதுதான் முக்கியம். அதுக்காக யாராவது ஊசி போட்டுக்கலாம்னு கூப்ட்டா போகவே போகாத, வெளிலேருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்தினா உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்திடும், விதை சுருங்கும், விந்தணு குறையும், 22 வயசுல இதெல்லாம் உனக்கு வேணாம்ப்பா.

ஓடினா கரையும்ங்கிற பேச்சுக்கு மூலம் 1980-ல ஹிக்சன்ங்கிறவர் செஞ்ச ஆய்வு, வாரத்துல 5 நாள் எடை, 6 நாள் ஓட்டமும் சைக்கிளும்னு 10 வாரம் சேத்து செஞ்சவங்களுக்கு கடைசி வாரங்கள்ல பலம் ஏறாம நின்னுடுச்சு. அவ்வளவு வெறித்தனமாவா நீ பண்றே? வாரத்துல ரெண்டு மூணு நாள் அரை மணி நேரம் மணல்ல ஓடுறது உன் தசைய ஒண்ணும் பண்ணாது, எடை போட்ட உடனே ஓடாம காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு பிரிச்சுக்க, நல்லா சாப்பிடு, தூங்கு. நடையும் எடையும் வேற வேற சேதி அனுப்புதுன்னு மேல சொன்னேனே, உனக்கும் ரெண்டும் வேணும்.

ஐரிசினும் தசைலேருந்து வர்ற ஒரு பொருள்தான், 2012-ல ஹார்வர்டுல ஸ்பீகல்மேன் குழு அறிவிச்சது, வெள்ளைக் கொழுப்பை சூடு உண்டாக்குற கொழுப்பா மாத்தும்னு பெரிய பரபரப்பு. அப்புறம் அதை அளக்கிற கிட்டுங்க பலதும் வேற எதையோ அளக்குதுன்னு பெரிய சண்டையே நடந்துச்சு, 2015-ல வேற நுட்பமான முறைல மனுஷ ரத்தத்துல இருக்குன்னு காட்டினாங்க, ரொம்பக் கொஞ்சமா. அது ஒரு புரதம் தம்பி, முழுங்கினா வயிறு முட்டைய செரிக்கிற மாதிரியே செரிச்சிடும். அந்தக் காசுக்கு முட்டையே வாங்கு.

கேள்வி: அம்மா, நான் தேவனாம்பட்டினம். 70 வயசு ஆவப் போவுது. சின்ன வயசுலேருந்து கரைவலை இழுத்த உடம்பு. கடலுக்குப் போறத நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சு, இப்ப தரைல உக்காந்தா கை ஊணாம எழ முடியல, தொடை சூம்பிப் போச்சு. எங்க காலத்துல எவன் உடற்பயிற்சி பண்ணான், இனிமே பண்ணி என்னா ஆவப் போவுது?

பதில்: அய்யா, நீங்க பண்ணாத உடற்பயிற்சியா? கரைவலை இழுக்கிறப்ப குதிகாலை மணல்ல புதைச்சு, இடுப்புல கயிறு சுத்தி, பின்னாடி சாஞ்சு சாஞ்சு மணிக்கணக்குல இழுப்பீங்களே, அதுல எடையும் இருந்துச்சு, நீண்ட நேர உழைப்பும் இருந்துச்சு, இன்னிக்கு ரெண்டையும் சேத்துச் செய்ங்கன்னு நாங்க எழுதிக் குடுக்கிறதை நீங்க அம்பது வருஷம் செஞ்சிருக்கீங்க. அந்த வேலை நின்னதும் அது அனுப்பிக்கிட்டிருந்த சேதியும் நின்னு போச்சு. இந்தப் பொருளுங்களை சேத்து வெச்சுக்க உடம்புக்கு வழி கெடையாது, தசை சுருங்குறப்ப வருது, சில மணி நேரத்துல போயிடுது, அதனால பழைய உழைப்பு இன்னிக்குக் கைகுடுக்காது.

ஆனா இனிமே என்னான்னு கேக்காதீங்க. 1990-ல அமெரிக்காவுல பாஸ்டன்ல முதியோர் இல்லத்துல 86 வயசுலேருந்து 96 வயசு வரைக்கும் உள்ள 10 பேருக்கு 8 வாரம் கால் பலப் பயிற்சி குடுத்தாங்க, கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. ரெண்டரை மடங்குக்கும் மேல! நீங்க அவங்களைவிட எவ்வளவு சின்னவரு.

கையில்லாத கெட்டியான நாற்காலிய செவுத்தோரமா போடுங்க, நகரக் கூடாது. முன் நுனில உக்காந்து பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னாடி இழுத்து வெச்சுக்குங்க. மூக்கு முட்டிக்கு மேல வர்ற வரைக்கும் முன்னாடி சாஞ்சு, மூச்சை வெளிய விட்டுக்கிட்டே எழுங்க, மூச்சைப் புடிச்சா பிரஷர் எகிறும். உக்கார்றப்ப பொத்துனு விழாம மூணு எண்ணிக்கிட்டே மெதுவா எறங்குங்க, தசைக்கு அந்த எறக்கத்துலதான் நல்ல வேலை. எட்டு தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி எறக்குறதையும் சேத்துக்குங்க. கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும், சுலபமா வந்துச்சுன்னா உயரம் கொறைஞ்ச நாற்காலிக்கு மாறுங்க. மீனு, முட்டை, பருப்பு, இதுல ஏதாவது ஒண்ணு ஒவ்வொரு வேளையும் தட்டுல இருக்கட்டும், கிட்னி கோளாறு இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டு.

தொடை மறுநாள் வலிச்சா பயப்படாதீங்க, ரெண்டு நாள்ல போயிடும். முட்டிக்குள்ள குத்தினா நாற்காலி மேல ஒரு தலகாணி போட்டு உயரத்தைக் கூட்டிக்குங்க. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தா மட்டும் அங்கயே நிறுத்திட்டு வீட்டு ஆளுங்களோட உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிடுங்க.