மறு: சூடாக நிறுத்தினால் எஞ்சின் திரும்பக் கிளம்பத் திணறுகிறது

படகை முழு வேகத்தில் ஓட்டிவிட்டுக் கால் மணி நேரம் நிறுத்தினால்தான் திணறல், காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் வேப்பர் லாக்தான் (பெட்ரோல் சூட்டில் லைனிலேயே ஆவியாகி ஓட்டத்தை மறிப்பது) நண்பரே, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிவிடாதீர்கள். எஞ்சின் நின்றதும் குளிர்விக்கும் தண்ணீரும் நின்றுவிடும், சூடு பெட்ரோல் லைனுக்கு ஏறும். பம்புக்கு முந்தைய, உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு; அங்கேதான் முதலில் ஆவியாகும். அந்தப் பக்கம் ஃபில்டரோ, டேங்க் வாயிலுள்ள ஆன்டி-சைஃபன் வால்வோ (லைன் உடைந்தால் டேங்க் பெட்ரோல் தானாக வழியாமல் தடுப்பது) அடைத்திருந்தால் இன்னும் மோசம். முதலில் அவற்றைப் பாருங்கள், பிறகு பெட்ரோலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஃபியூவல் கூலரின் தண்ணீர் வழியில் பாசி, உப்பு அடைத்திருக்கிறதா என்று.

நிறுத்துமுன் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். நின்றபின், எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் ப்ளோயர் ஓடட்டும். கிளப்புமுன் அது கட்டாயம், பெட்ரோல் ஆவி விளையாட்டில்லை. திணறும்போது ஃபியூவல் பிரஷர் கேஜ் முள் துடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.