வாசகர் கேள்வி: தேசித்தோல் எண்ணெயும் தோல் ஒவ்வாமையும்

கேள்வி: நாங்கள் ஐந்து பெண்கள் வேப்பெண்ணெயும் தேசித்தோல் எண்ணெயும் சேர்த்துச் சவர்க்காரம் செய்கிறோம். முயலை வதைக்காமல் ஒவ்வாமையைச் சோதிக்க வழியுண்டா? என் முழங்கையில் பூசிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை.
– வாசகி, அக்கராயன்

பதில்: தங்கச்சி, முழங்கையை நம்பாதீர்கள். ஒவ்வாமை முதல் தரம் சத்தமில்லாமல் உடலுக்குள் பதியும். சொறி வருவது பிறகு படும்போதுதான். (முயலில் சோதித்தது எரிச்சலை. ஒவ்வாமைக்குப் பலியானவை கினிப்பன்றியும் சுண்டெலியும்.)

இப்போது விலங்கில்லாமல் ஆய்வுகூடத்தில் மூன்று சோதனைகள். சிஸ்டீன், லைசீன் என்னும் அமினோ அமிலங்கள் உள்ள சிறு புரதத் துண்டுகளோடு பொருளை 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு துண்டு ஒட்டிக் குறைந்தது என்று அளப்பது ஒன்று. மற்றதில் தோல் உயிரணு கலவரப்பட்டால் ஒளிரும். ஒளிரவைப்பது அதில் புகுத்திய மின்மினியின் நொதியேதான். மூன்றாவது, எதிர்ப்புச் சக்தி உயிரணு விழிக்கிறதா என்று பார்ப்பது. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவு அதுவே என்கிறது ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 2021இல் வெளியிட்ட வழிகாட்டி 497.

உங்களுடையது போன்ற செடி எண்ணெயும் சாறும்தான் இந்தச் சோதனைகளுக்குத் தலையிடி. அது ஒரு பொருளல்ல, பலதின் கலவை. சோதனைக்கு எவ்வளவு எடுப்பது என்பதை மூலக்கூறு எடையை வைத்துக் கணக்கிடவேண்டும்; கலவையில் அதற்கு எதைப் பிடிப்பது? அதன் நிறமே சில வேளை அளவீட்டைக் குழப்பும்.

உங்கள் தேசித்தோல் எண்ணெயில் எனக்குப் பயம் அதிகம். என் அலுமாரியில் அரைப் போத்தல் ஒரு வருடம் கிடந்தது. திறந்தால் வார்னிஷ் மணம். தொட்ட இரு விரலும் மறுநாள் சிவந்து கடித்தன. அந்த எண்ணெயில் உள்ள மணப்பொருளான லிமோனீன் காற்றுப்பட்டால்தான் ஒவ்வாமை தரும் பொருளாக மாறும். சின்னக் கறுப்புப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள்.