சீன மெனுவில் மீன் ('யூ') எழுத்தைப் பார்த்து 'யூ ஷியாங் ரோ ஸு' ஆர்டர் செய்தால் பன்றி வருகிறதே என்கிறீர்களா?

யூ ஷியாங் ரோ ஸுவில் மீன் துண்டு இருக்காது. 'யூ ஷியாங்' என்பது சீனாவின் சிச்சுவான் மாகாண மசாலா ஒன்றின் பெயர்: ஊறவைத்த மிளகாய், இஞ்சி, பூண்டு, சர்க்கரை, வினிகர். உங்கள் தட்டுக்கு வருவது 'ரோ ஸு', மெல்லிசாகக் கீறிய பன்றி இறைச்சி.

தெரிந்த முதல் எழுத்தோடு நின்றுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. சீன உணவுப் பெயர்களில் பெரும்பாலும் முன்பாதி சுவையையோ செய்முறையையோ சொல்லும். பொருள் கடைசியில்தான் வரும். பின்னாலிருந்து படித்துப் பாருங்கள்.

அடுத்த முறை 'ரோ' (இறைச்சி) எழுத்தைத் தேடுங்கள்: கீழ்ப்பக்கம் திறந்த பெட்டி, உள்ளே ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு கூரைகள். அதற்கு முன்னால் மாடு (நியூ), ஆடு (யாங்) எதுவும் இல்லாவிட்டால் பன்றி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டெழுத்துக்கு உச்சியில் இரண்டு கொம்பு உண்டு, ஒருமுறை பார்த்தால் மறக்காது. இடப்பக்கம் நிலா எழுத்து ஒட்டியிருந்தால் ஈரல், குடல் மாதிரி உறுப்பாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 'ரோ' இல்லை என்பதற்காகச் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டி உணவிலும் யூ ஷியாங் கத்தரிக்காயிலும் கொத்துக்கறி போடுவது வழக்கம். பன்றி வேண்டாமென்றால் "பூ யாவ் ஜூ ரோ" என்று வாயால் சொல்லிவிடுங்கள். தைவான், ஹாங்காங் மெனுக்களில் பழைய எழுத்து வடிவம். அங்கே மீனுக்கு அடியில் கோட்டுக்குப் பதில் நான்கு புள்ளிகள் இருக்கும்.