பத்திரங்களுக்கு நடுவே ஓர் அறிவிப்பு

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்து நாளாகிவிட்டது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக மனைவியின் எட்டுப் பவுன் நகையை வங்கியில் அடகு வைத்தேன். வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஏல அறிவிப்பு வந்து மூன்று வாரமாகிறது, மனைவியிடம் காட்டவில்லை. விலை விழுந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் தூக்கம் வரவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர் (கடிதம் சுருக்கித் தரப்பட்டுள்ளது)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

ஏலத் தேதி நெருங்குவதால் இப்பதிலை உங்களுக்கு முன்னதாகவே தபாலில் அனுப்பிவிட்டேன்; இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் வெளியிடுகிறோம்.

விலை விழுந்தது உங்கள் குற்றமன்று. நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்து, அந்தச் சந்தை தளர்ந்து, தொண்ணூறுகளின் இறுதியில் விலை சரிந்தபோதும் சரி, இப்போதும் சரி, குன்னூர் தேயிலை ஏலத்தில் விழும் அடி முதலில் சிறு விவசாயியைத்தான் தாக்குகிறது. பறித்த இலை சாக்கிலேயே சூடேறி வீணாகிவிடும் என்பதால், விலை ஏறும்வரை வைத்திருந்து விற்க அவரால் இயலாது. நியாய விலை கேட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரி அருகே நட்டக்கல்லில் உண்ணாவிரதம் இருந்தவர்கள் சலுகை கேட்கவில்லை, உரிமையைக் கேட்டார்கள். அடுத்த முறை அந்தப் பந்தலில் நீங்களும் போய் உட்காருங்கள். அதுவும் உங்கள் பொறுப்பில் ஒரு பகுதிதான்.

ஆனால், விலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், வங்கி அறிவிப்பை நிலப் பத்திரங்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியில்தான் ‘காட்டவில்லை’ என்ற சொல்லை அடித்து, மறுபடியும் அதே சொல்லை எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்தைக் கெடுப்பது எது என்று உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. மகனின் படிப்புக்காக நகையைக் கழற்றிக் கொடுத்தவர், அது ஏலத்துக்குப் போவதைக் கடைசி ஆளாக அறிவது எந்த விதத்தில் நியாயம்? கடன் காலத்தின் கொடுமையால் வந்தது என்று வைத்துக்கொண்டாலும், மறைப்பது ஒவ்வொரு நாளும் நீங்களே எடுக்கும் முடிவு.

1999இல் எங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது. அப்பா அதை மறைத்துவிட்டார். ஏலம் முடிந்த பிறகு, பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. நகை போன வருத்தம் அவருக்கு ஓராண்டில் ஆறிவிட்டது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதை எழுபது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வங்கிக்கு நீங்கள் இருவரும் சேர்ந்தே போங்கள். இதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டினால் கடனைப் புதுப்பிப்பார்களா என்று கேட்டு, கோரிக்கையை எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். புதுப்பிக்க வழியில்லையென்றால், ஒரு நகையை விற்றாவது மற்றவற்றை மீட்க முடியுமா என்று இருவரும் கணக்குப் பாருங்கள். எதை விற்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஒருவேளை ஏலமே நடந்துவிட்டாலும், கடன் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குக் கல்விக் கடன் கேட்டு விண்ணப்பிக்கும் வேலையை மகனிடம் ஒப்படையுங்கள். வீட்டு நிலைமை அவருக்கும் தெரிய வேண்டும்.

எடை கூட்டுவதற்காக முற்றிய இலையைச் சாக்கின் அடியில் போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளாத கொழுந்திலிருந்து நல்ல தூள் வராது. தரம் கெட்ட தூளுக்கு ஏலத்தில் விலையும் வராது. இதை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

இன்று மாலை இலையை எடை போட்டுவிட்டு வீடு திரும்பியதும், அந்த அறிவிப்பை எடுத்து மனைவியின் கையில் கொடுங்கள். தேயிலை விலையிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டாம். “இது வந்து மூன்று வாரமாயிற்று, உன்னிடம் நான் சொல்லவில்லை” என்று தொடங்குங்கள். அவர் அழலாம், கோபத்தில் கடுமையாகவும் பேசலாம். அப்போது எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடாமல், அவர் பேசி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.