கரையில் நிற்கிற வேலை

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலை, உவர்மலை. வயது இருபத்துமூன்று. சிறுவயதிலிருந்தே டச் பே கடலில் நீந்துகிறேன், மாகாண மட்டத்தில் இரண்டு தடவை இடம் எடுத்தேன். வீட்டில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கு ஒரு கொலேஜில் நீச்சல், டைவிங் கோச் ஆகத்தான் விருப்பம். அமெரிக்காவில் அதற்கென்றே முழுநேர வேலை இருக்கிறது என்று கனடாவில் இருக்கும் மாமா சொல்கிறார். "ஆழிக்குமரன் ஆனந்தனுக்கு எந்தத் தடாகம் இருந்தது? நீ கடலிலேயே பொடியன்களைப் பழக்கு" என்பதும் அவர் சொன்னதுதான். நன்றாக நீந்தத் தெரிந்தால் கோச் ஆகலாமா? கடலில் வைத்தே போட்டிக்குப் பழக்க முடியுமா? டைவிங்கை இறங்குதுறையிலிருந்து தொடங்கலாமா? பெயர் போட வேண்டாம்.

திருகோணமலை வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இரண்டு சொல் குழப்புகின்றன. திருகோணமலையில் கல்லூரி என்றால் கோணேஸ்வரா இந்துக் கல்லூரி மாதிரி ஒரு பாடசாலை. மாமா சொல்லும் கொலேஜ் பல்கலைக்கழகம். அடுத்தது டைவிங். நிலாவெளியில் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி வைத்திருந்தால் புறாத்தீவுக்குக் கூட்டிப்போய், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறக்கும் ஸ்கூபா என்று அர்த்தம். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குபவரைச் சுழியோடி என்கிறோம். போட்டி டைவிங் இரண்டும் இல்லை. 1 மீற்றர், 3 மீற்றர் உயரத் துள்ளுபலகையிலிருந்தோ 5, 7.5, 10 மீற்றர் மேடையிலிருந்தோ பாய்ந்து, காற்றில் சுழன்று, தண்ணீரைச் சிதறாமல் உள்ளே போவது. ஸ்கூபா சான்றிதழ் கையில் இருந்தாலும் இந்த வேலைக்கு அதில் ஒரு வரியும் உதவாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வது புள்ளிக் கணக்கால் வந்த பழக்கம். இரு அணிகள் மோதும் போட்டியில் பலகைப் பாய்ச்சலில் எடுக்கும் புள்ளியும் நீச்சல் புள்ளியும் ஒரே அணிக் கணக்கில் விழும். தலைமைக் கோச் இரண்டுக்கும் பொறுப்பு என்றாலும், பலகைப் பக்கம் பெரும்பாலும் தனியாக ஒரு டைவிங் கோச் இருப்பார். நீங்கள் நீச்சலைப் பிடியுங்கள். டைவிங் கோச்சுக்குத் தானே பலகையில் வளர்ந்த உடம்பு வேண்டும், இருபத்துமூன்று வயதில் அதைத் தொடங்குவது வீண் ஆசை.

நன்றாக நீந்தத் தெரிந்தால் போதுமா? போதாது. நீந்துபவருக்குத் தன் உடம்பு தெரியும். கோச் கரையில் நிற்பவர், அவருக்கு இருபது உடம்பு தெரிய வேண்டும். அதற்கு மணிக்கூடு, கண், கொப்பி மூன்றும் வேண்டும். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பொடியனை 400 மீற்றர் முழு மூச்சாக நீந்தவிடுகிறீர்கள், 6 நிமிடம். நன்றாக இளைப்பாறிய பிறகு 200 மீற்றர், 2 நிமிடம் 50 செக்கன். இரண்டுக்கும் வித்தியாசம் 200 மீற்றர், 190 செக்கன். 100 மீற்றருக்கு 95 செக்கன், அதாவது 1:35. அவன் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகத்தின் எல்லை ஏறக்குறைய அது. இனிப் பயிற்சி: 100 மீற்றர் பத்துத் தடவை, 1:45க்கு ஒரு புறப்பாடு. 1:35ல் வந்தால் 10 செக்கன் மூச்சு கிடைக்கும்.

கோச்சின் வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதலாவது 1:28, எட்டாவது 1:42 என்று வந்தால் உடம்பில் பிழை இல்லை, புறப்பாட்டில்தான் அவசரம். அவனை முதல் மூன்றையும் 1:36க்குக் குறையாமல் வரச்சொல்லித் திருப்பி நீந்தவிடுங்கள். நேரம் மாறாமல், 50 மீற்றருக்கு 40 ஆக இருந்த கைவீச்சு 46 ஆகிறதா? கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது, முழங்கை கீழே விழுந்திருக்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். "இன்னும் இரண்டுதானே, முடி" என்று சொல்லும் கோச் அந்தப் பிழையையே பழக்குகிறார். களைத்த தோள் அப்படி நீந்தி நீந்தித்தான் வலி பிடிக்கிறது. நேரம் மட்டும் எழுதிய கொப்பியில் இது தெரியாது. ஒவ்வொரு 100க்கும் பக்கத்தில் கைவீச்சு எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். மு. நவரத்தினசாமி 1954ல் பாக்கு நீரிணையைக் கடந்தார். 1971ல் ஆனந்தன் போய்த் திரும்பியும் வந்தார். அந்த நீச்சலில் திரும்பும் இடம் ஒன்றே ஒன்று. 25 மீற்றர் தடாகத்தில் 1500 மீற்றர் நீந்துபவர் 59 தடவை திரும்புகிறார். கடலில் வளர்ந்த பிள்ளைகள் தடாகத்தில் தோற்பது பெரும்பாலும் கையாலும் காலாலும் அல்ல, சுவரால்.

திருப்பத்தைப் பழக்கும் விதம் இது. தடாகத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீற்றர் முன்னே நின்றுவிடும், அங்கே குறுக்காக 1 மீற்றர் நீளத்தில் இன்னொரு கோடு. தலை அந்தக் குறுக்குக் கோட்டைத் தாண்டும்போது கடைசிக் கைவீச்சு. இரண்டு கையும் இடுப்போடு வந்துவிட வேண்டும். நாடியை நெஞ்சோடு ஒட்டி அரைக் குட்டிக்கரணம். சுழலும்போது மூக்கால் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் தண்ணீர் மூக்கில் ஏறும், பிள்ளை அடுத்த தடவை பயப்படும். பாதம் சுவரில் 30, 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் பட வேண்டும், கால்விரல் மேலே பார்க்க. மல்லாந்தபடியே தள்ள வேண்டும், தள்ளிய பிறகுதான் குப்புறத் திரும்ப வேண்டும். பழகாதவர்கள் சுவரில் கால் வைத்தபடியே திரும்பப் பார்ப்பார்கள், நேரம் அங்கே போகும். இன்னொரு பிழை, சுவர் எங்கே என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது. தலை எழும்பினால் இடுப்பு தாழும், தாழ்ந்த இடுப்பைச் சுழற்ற முடியாது. கடலில் கரையைப் பார்த்துப் பார்த்து நீந்தியவர்களுக்கு இந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருக்கும். உப்புத் தண்ணீர் காலையும் மிதக்க வைத்ததால் அங்கே அது பிழையாகத் தெரிந்திராது. நன்னீரில் இறங்கியதும் கால் தாழ்கிறது, அவர்கள் உதையை மாற்றப் பார்க்கிறார்கள். மாற்ற வேண்டியது பார்வையை: கண் நேரே கீழே.

கடலில் எடுத்த நேரத்தை நம்பாதீர்கள். போய்த் திரும்பினால் நீரோட்டம் சரிக்குச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். செக்கனுக்கு 1 மீற்றர் நீந்துபவர், 0.2 மீற்றர் ஓட்டத்துக்கு எதிரே 500 மீற்றர் போக 625 செக்கன். அதே ஓட்டத்தோடு திரும்ப 417. மொத்தம் 1042, ஓட்டம் இல்லாவிட்டால் 1000. எதிரே போகும்போது கூடுதல் நேரம் நீரோட்டத்துக்குள் நிற்பதால் இழந்தது முழுவதும் திரும்பி வராது. கடலை மூச்சுக்கும் மனத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், சித்திரை முதல் புரட்டாதி வரை. கரையோரமாக, கரைக்கு இணையாக நீந்தவிடுங்கள், பக்கத்தில் ஒரு தோணி, ஒவ்வொருவர் தலையிலும் கடும் நிறத் தொப்பி. வாடை தொடங்கிய பிறகு யாரையும் இறக்க வேண்டாம்.

இறங்குதுறையிலிருந்து டைவிங்? கூடாது. சர்வதேச விதிப்படி 1 மீற்றர் பலகையின் கீழே குறைந்தது 3.4 மீற்றர் தண்ணீர் வேண்டும், 3 மீற்றர் பலகைக்கு 3.7, 10 மீற்றர் மேடைக்கு 4.5. நீச்சல் போட்டியின் புறப்பாட்டு மேடைகூட நீரிலிருந்து 0.5 முதல் 0.75 மீற்றர் உயரம்தான், அதற்கே சுவரிலிருந்து 1 மீற்றர் தொடங்கி 6 மீற்றர் வரைக்கும் 1.35 மீற்றர் ஆழம் கேட்கிறார்கள். உப்புவெளி ஹோட்டல் தடாகம் ஒன்றில் பழக்கக் கேட்பீர்களாக இருந்தால் முதலில் கயிற்றில் கல்லைக் கட்டி ஆழத்தை அளந்து பாருங்கள். 1.35க்குக் குறைந்தால் புறப்பாடு தண்ணீருக்குள் இருந்துதான், சுவரைத் தள்ளி. கடலிலோ, மார்கழிக்கு முன் அளந்த ஆழம் மாசியில் இருக்காது, மணல் இடம் மாறியிருக்கும். தலை முதலில் அடியில் மோதினால் கழுத்தெலும்பு உடைந்து கைகால் விளங்காமல் போகும். சுவாமி மலைப் பாறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போட்டி டைவிங்கில் தண்ணீருக்கு வருமுன் தரையில் நிறைய வேலை இருக்கிறது. மெத்தையில் கைகளை ஊன்றித் தலைகீழாக நின்று உடம்பை ஒரே கோடாக இறுக்குவது, ட்ராம்போலினில் இடுப்புப் பட்டியும் இரண்டு கயிறும் கட்டிச் சுழற்றுவது. கயிற்றைப் பிடிப்பவர் கோச்தான். ஒரு கணம் பிந்தி இழுத்தால் பிள்ளை கழுத்தில் விழும். தண்ணீருக்கு முதுகு காட்டி நின்று பலகைப் பக்கமாகவே சுழலும் பாய்ச்சல்களில் தலை பலகையில் மோதும் ஆபத்து உண்டு, தரையில் சரிவராமல் அவற்றுக்குப் போகக் கூடாது. புள்ளி போடும் முறையைத் தெரிந்து வைத்திருங்கள், போட்டியைப் பார்க்க உதவும். 103பி என்றால் முன்பக்கப் பாய்ச்சல், மூன்று அரைச்சுழற்சி, முழங்கால் மடங்காமல் இடுப்பில் மடிப்பு. 1 மீற்றர் பலகையில் அதன் கடினம் 1.7. ஏழு நடுவர்கள் 5.5, 5.5, 6, 6, 6, 6.5, 7 கொடுத்தால் மேலே இரண்டும் கீழே இரண்டும் போய், மிஞ்சிய 18ஐ 1.7ஆல் பெருக்கி 30.6.

நீங்கள் கேட்காத ஒன்று. நம் கடற்கரைப் பொடியன்கள் மூச்சடக்கிப் போட்டி போடுவார்கள். இறங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து இழுத்து விடுவார்கள், கூட நேரம் தாங்கும் என்று. தாங்கும்தான். ஆனால் அப்படிச் செய்வதால் உடம்பில் ஒட்சிசன் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. மூச்சு விடு என்று உடம்பை நெருக்குவது அந்தக் காபனீரொட்சைட்டு. நெருக்கடி வருமுன்னே ஒட்சிசன் தீர்ந்து, பிள்ளை துடிக்காமல், கை அசைக்காமல் மயங்கிவிடும். மேலேயிருந்து பார்ப்பவருக்கு அடியில் விளையாடுவது போலவே தெரியும். உங்கள் குழுவில் மூச்சடக்கும் போட்டி எந்த வயதிலும் வேண்டாம். நீருக்கடி உதை பழக்கினால் சுவரிலிருந்து 15 மீற்றருக்குள், ஒருவர் பின் ஒருவராக, நடுவில் முழு ஓய்வோடு. போட்டி விதியும் நெஞ்சு நீச்சல் தவிர மற்றவற்றில் 15 மீற்றருக்குள் தலை வெளியே வர வேண்டும் என்கிறது.

வேலைக்குப் போகும் வழி. அமெரிக்காவில் வழக்கமான வாசல் முதுகலை மாணவராக இருந்துகொண்டு உதவிக் கோச்சாகச் சேர்வது, படிப்புக் கட்டணமும் சிறு கொடுப்பனவும் கிடைக்கக்கூடும். அங்கே பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கமான என்.சி.ஏ.ஏ. விதிப்படி போட்டிப் பருவ காலத்தில் ஒரு மாணவரை நாளுக்கு 4, வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சியில் வைக்க முடியாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அதனால் கோச்சின் நாளில் பெரும்பகுதி மேசையில் போகும்: பாடசாலைப் பிள்ளைகளின் நேரப் பட்டியல் பார்த்து ஆள் தேடுவது, பெற்றோரோடு பேசுவது, பயண ஒழுங்கு. ஒன்றைக் கவனியுங்கள். அங்கே போட்டிப் பருவத்தில் நீந்தும் தடாகம் 25 யார், அதாவது 22.86 மீற்றர். உங்கள் பிள்ளையின் மீற்றர் நேரத்தை அவர்களுடைய யார் நேரத்தோடு அப்படியே ஒப்பிட்டால் அவன் மெதுவாகத் தெரிவான்.

இங்கே என்றால், சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் இருக்கிறது, கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் உடற்கல்விப் பிரிவுகளில் போதனாசிரியர் பதவி உண்டு, ஆனால் நீச்சலுக்கு மட்டும் ஒருவரை எடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். வீட்டார் சொல்லும் ஆசிரியர் வேலையை எதிரியாகப் பார்க்க வேண்டாம். உயிர்காப்புச் சான்றிதழும் இதய இயக்க மீட்புப் பயிற்சியும் இந்த வருடமே எடுங்கள், அது இல்லாமல் இன்னொருவர் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. ஸ்டொப் வொச் இரண்டு வாங்குங்கள். ஒன்று எப்போதும் ஈரத்தில் பழுதாகும்.