லினக்ஸில் இரண்டாவது மானிட்டர்: மறுநாள் காலையும் நிலைக்க என்ன செய்வது?

கேள்வி: உபுண்டு உள்ள மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாக மானிட்டரை இணைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே காட்சிதான் வந்தது. டெர்மினலில் எக்ஸ்ராண்டர் கட்டளை கொடுத்துத் திரையை நீட்டித்தேன். மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, மானிட்டர் வலப்பக்கம் இருக்க, மவுஸ் சுட்டி இடது ஓரம் வழியாகத்தான் அதற்குள் நுழைகிறது. நிரந்தரத் தீர்வு உண்டா?

பதில்: உண்டு. அதற்கு டெர்மினலே வேண்டாம். எக்ஸ்ராண்டர் செய்யும் மாற்றம் அந்த அமர்வோடு, அதாவது கணக்கிலிருந்து வெளியேறியதும், போய்விடும். அது எதையும் எழுதி வைப்பதில்லை. அதோடு, அது எக்ஸ் 11 (திரையில் காட்சியைக் காட்டும் பழைய அமைப்பு) காலத்துக் கருவி. அதன் இடத்துக்கு வந்த புதிய அமைப்பான வேலண்டு அமர்வில் எக்ஸ்ராண்டரால் திரை அமைப்பை மாற்ற முடியாது. உபுண்டு 25.10 பதிப்பில், அதன் டெஸ்க்டாப்பான க்னோமின் எக்ஸ் 11 அமர்வே நீக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டுபவர்கள் திண்டாடுவது இதனால்தான்.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதியைத் திறந்து, மிரர் என்பதற்குப் பதில் ஜாயின் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே இரண்டு செவ்வகங்கள் தெரியும். உங்கள் மேசையில் மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதன் செவ்வகத்தை அந்தப் பக்கம் இழுத்து வையுங்கள். சுட்டி திசை மாறிப் போவதற்கு இதுதான் மருந்து. மானிட்டரின் உண்மையான இடம் கணினிக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

மேல்கீழ் நிலையையும் கவனியுங்கள். மடிக்கணினியின் உயரம் 1080 பிக்சல், மானிட்டரின் உயரம் 1440 என்றால் மீதமுள்ள 360 பிக்சலுக்கு எதிரே ஒன்றுமில்லை. அந்தப் பகுதியில் சுட்டி சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். பழுது என்று நினைத்து மவுஸை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்! கண்மட்டத்துக்கு ஏற்பச் செவ்வகத்தைச் சற்று ஏற்றியோ இறக்கியோ வைத்தால் போதும்.

அப்ளை அழுத்தியதும், மாற்றங்களை வைத்துக்கொள்ளவா என்று ஒரு கேள்வி வரும். சில நொடிகளில் சம்மதிக்காவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சம்மதித்தால், அந்த மானிட்டருக்கான அமைப்பு உங்கள் கணக்கில் பதிவாகும்; அடுத்த முறை கேபிளைச் செருகியதும் தானே வந்து நிற்கும். உள்நுழைவுத் திரைக்கு மட்டும் இது பொருந்தாது. அது உங்கள் கணக்குக்கு வெளியே இயங்குகிறது.

எழுத்துகள் ஒரு திரையில் பெரிதாகவும் மற்றொன்றில் பொடியாகவும் தெரிந்தால், ஒவ்வொரு திரைக்கும் ஸ்கேல் அளவைத் தனியாக மாற்றுங்கள். வேலண்டில் இது ஒழுங்காக நடக்கும். மானிட்டர் 4கே வகையாக இருந்து சுட்டி தயங்கித் தயங்கி நகர்ந்தால், புதுப்பிப்பு வேகத்தை (ரெஃப்ரெஷ் ரேட், நொடிக்கு எத்தனை முறை காட்சி மாறுகிறது என்பது) பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாக 4கே காட்சி 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. தெளிவுத்திறனைக் குறையுங்கள், அல்லது கணினியிலும் மானிட்டரிலும் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

யூ.எஸ்.பி.-சி வழியாக இணைக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: அந்த வடிவத் துளைகள் எல்லாமே காட்சியைக் கடத்துவதில்லை. என்விடியா கிராபிக்ஸ் சில்லு உள்ள சில மடிக்கணினிகளில் எச்.டி.எம்.ஐ. துளை நேராக அந்தச் சில்லோடு இணைந்திருக்கும். அதன் டிரைவர் சரியாக ஏறாவிட்டால் மானிட்டர் பட்டியலிலேயே வராது. உங்களுக்குக் காட்சி வந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

மானிட்டரை இணைத்ததும் ஒலி காணாமல் போனால் பதற வேண்டாம். அது மானிட்டருக்குப் போயிருக்கும். சவுண்ட் பகுதியில் அவுட்புட்டை மாற்றிவிடுங்கள்.