சமீபத்தில் நீங்கள் புதிதாகக் கண்டடைந்த பண்பாட்டு விஷயங்கள் என்னென்ன?

பட்டியல் போடக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எல்லாமே என் வீட்டிலிருந்து மோட்டாரில் கால் மணி, அரை மணி தூரத்தில் இருப்பவை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் எனக்குச் சொந்த ஊர். முன்பு சுற்றிலும் ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

பள்ளி விடுமுறையில் அக்கா மகன் நச்சரித்ததால் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போனோம். நான் கடைசியாகப் போனது ஆறாம் ஆண்டில், பள்ளி பஸ்ஸில். அன்றைக்கு மனத்தில் நின்றது ஐஸ்கிரீம்தான். இந்த முறை புக்கிட் பத்து பகாட் சண்டியை நின்று பார்த்தேன். (மலாயில் சண்டி என்றால் பழங்காலக் கோயில். நம் வீட்டில் அடம்பிடிக்கிற பிள்ளைக்குத்தான் அந்தப் பெயர்.) 1930களில் தோண்டியெடுத்து, 1960 வாக்கில் கல் கல்லாகத் திரும்ப அடுக்கியது. தரையில் வரிசையாகக் கல் பீடங்கள். அவற்றின்மேல் மரத்தூண் நின்றிருக்கிறது. தூணும் இல்லை, கூரையும் இல்லை. பையன் ஒரு பீடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம கோயிலா?" என்றான். சிவன் கோயிலாக இருக்கலாம் என்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன். அந்த 'நம்ம'வுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

வரும் வழியில் சுங்கை பத்து. 2009இலிருந்து செம்பனைக்கு நடுவே தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளைக் கண்டெடுத்த இடம். களிமண்ணில் செய்த ஊதுகுழாய்கள் ஏராளம். துருத்திக் காற்று அதன் வழியாகத்தான் உலைக்குள் போகும். வீட்டில் போட்டோவைக் காட்டினேன். சித்தப்பா ஒரு காலத்தில் அந்தப் பக்கம் செம்பனைக் குலை வெட்டியவர். "அட, இந்தக் கறுப்புக் கல்லா? பூட்ஸையே கிழிக்குமே, எத்தனை தடவை எட்டி உதைச்சிருக்கேன்!" என்றார். அவர் உதைத்தது இரும்புக் கசடு.

பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்தில் வந்து குவியும் பண்டங்களோடு 'காழகத்து ஆக்கம்' என்று ஒன்று வரும். காழகம் என்றால் கடாரம், அதாவது எங்கள் கெடா, என்பது நச்சினார்க்கினியர் உரையை வைத்துச் சொல்வது. பள்ளியில் கடாரம் என்றதும் 1025, ராஜேந்திர சோழன், படையெடுப்பு என்றே படித்தோம். வந்து போன வியாபாரிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. 2013இல் சுங்கை பத்துவில் ஒரு சண்டியை வீடு கட்டுவதற்காக இடித்தது வெளியே தெரிந்தபோதுகூட, நான் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியவன்தான்.

அப்புறம் ஒரு சொல். பாட்டி ரப்பர் மரத்தை 'கித்தா மரம்' என்பார். ஏதோ ஊர்ப்பக்கத்துப் பழந்தமிழ் என்று நினைத்திருந்தேன். அது மலாய்க்காரர்களின் 'கெத்தா'. பதிலுக்கு நம் கடை அவர்களிடம் 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது. பாட்டியிடம் சொன்னேன். "அதனால என்ன, பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாக, உருமி மேளம். பின்வரிசை வீட்டுப் பையன்கள் ராத்திரியில் பயிற்சி எடுக்கும்போது ஜன்னலைச் சாத்துவேன். ஒருநாள் சத்தம் போடத்தான் போனேன், போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கிறார்கள். அந்த உறுமல் அங்கிருந்துதான் வருகிறது. என் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். வாலை மிதித்த பூனை மாதிரி ஒரு சத்தம் வந்தது, பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.